அடுத்த பெரட்டு

கொழும்பு
2024 மார்ச் 4

கஜேந்திரன்,

பதுளையை விட்டு வந்தபின் நான் உனக்கு எழுதும் முதல் கடிதம் இது. வாட்ஸ்அப்பில் நீ என்னைத் தடுத்து வைத்திருப்பதால் பல்கலைக்கழக விலாசத்துக்கே அனுப்புகிறேன். சுகம் விசாரித்தால் நடிக்கிறாள் என்பாய். ஆகவே நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

நம் ஆய்வுக் கட்டுரையில் உள்ள நாக ஒட்சைட்டு (ZnO) படலத்தை இங்கே மறுபடியும் வளர்க்கச் சொன்னார் எங்கள் ஆய்வுகூடத் தலைவி டொக்டர் ஷஹீலா. மண் அசைவை உணரும் ஒரு கருவிக்கு அது தேவை. அமுக்கினால் மின்சாரம் தரும் படலம் அது. ஆனால் பளிங்குகள் எல்லாம் கண்ணாடியின்மேல் நிமிர்ந்து ஒரே திசையைப் பார்த்து நின்றால்தான் தரும். கண்டபடி சாய்ந்து கிடந்தால் ஒன்று கொடுப்பதை மற்றது தின்றுவிடும். அப்படி நிமிர்த்தி வளர்க்க நம்மால் முடிந்தது என்றுதானே ஊருக்கெல்லாம் சொன்னோம்?

நான்கு தடவை செய்துவிட்டேன். கட்டுரையில் உள்ளபடியே நாக அசற்றேற்றைக் கரைத்து, கண்ணாடித் துண்டில் ஊற்றிச் சுழற்றி, சூடேற்றி, உலையில் வைத்தேன். நான்கு தடவையும் எக்ஸ்-கதிர் வரைபடம் ஒரே கதையைத்தான் சொல்கிறது. எல்லாப் பளிங்கும் நிமிர்ந்திருந்தால் ஓங்கி ஓர் உச்சி வர வேண்டும். எனக்கு வருவது மூன்று குட்டை உச்சிகள்.

டொக்டர் அதைப் பார்த்துவிட்டு, “இந்தப் படலத்த நீங்க கண்ணால கண்டீங்களா, றொஷேல்?” என்று கேட்டார். மே மாதம் முடிவதற்குள் அது வளராவிட்டால் கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும் என்றும், காரணத்தை உங்கள் துறைக்கும் எழுத வேண்டிவரும் என்றும் சொல்லியிருக்கிறார். உன் விரிவுரையாளர் பதவி இன்னும் நிரந்தரமாகவில்லை என்பது எனக்குத் தெரியும். பொய்ப் படம் போட்டவன் என்று ஒரு பேர் வந்தால் அதோடு எல்லாம் முடிந்துவிடும்.

கரைசலைக் கலக்கியது எப்போதும் நீதான். நான் அறியாத ஏதாவது ஒன்றைச் செய்தாயா? எழுத விட்டுப்போனது ஏதும் உண்டா? நான் குற்றம் சொல்லவில்லை. கேட்கிறேன், அவ்வளவுதான்.

றொஷேல்


பதுளை
2024 மார்ச் 11

~~அன்புள்ள~~ றொஷேல்,

வெட்டியது உனக்குத் தெரிய வேண்டும் என்றுதான் வேறு தாள் எடுக்கவில்லை. கையால் எழுதுவதற்கும் காரணம் இருக்கிறது. போனில் எழுதினால் நீ அதைப் படம் பிடித்து டொக்டரம்மாவுக்கு அனுப்புவாய்.

“குற்றம் சொல்லவில்லை, கேட்கிறேன்.” எங்கள் மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்துத் துரையும் இப்படித்தான் கேட்பார். கேட்டு முடிந்த மறுநாள் வேலை நிறுத்தியாயிற்று என்று கடிதம் வரும்.

நான்கு தடவை செய்தாயா? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். உன் பளிங்கு கோணினால் அதற்கும் நானா பொறுப்பு?

ஏன் தடுத்து வைத்தேன் என்று நீ ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. நானே சொல்கிறேன். ஒரே மேசையில் ஆறு வருடம் வேலை செய்தோம். கட்டுரை வந்தபோது உன் பேர் முன்னால் இருந்தது, என் பேர் பின்னால் இருந்தது. அதைக் காட்டித்தான் நீ கொழும்புக்குப் போனாய். காலை முதல் மாலைவரை மலையில் நின்றும் கொழுந்து நிறை குறைந்தால் அம்மாவுக்கு அரைப்பேர்தான் போடுவார்கள், அரை நாள் வேலை செய்ததாக. நான் முழு நாளும் நின்றேன். எனக்கு நீ போட்டது அரைப்பேர்.

இப்போது அந்த அரையையும் பிடுங்கப் பார்க்கிறாயோ என்று எனக்குச் சந்தேகம். ஷஹீலா டொக்டர் உண்மையிலேயே கேட்டாரா, இல்லை நீயே போடும் திட்டமா?

செய்முறையில் ஒளிக்க ஒன்றும் இல்லை. அன்று உன்னிடம் வாயால் சொன்னதையே மறுபடியும் எழுதுகிறேன். இளஞ்சூட்டில் காந்தக் கலக்கியில் வைத்துத் தெளியும்வரை கலக்கு. மூடி வை. அடுத்த பெரட்டுக்குப் பூசு. பெரட்டு என்றால் என்ன என்று இனிக் கேட்காதே. தோட்டத்தில் காலையில் ஆள் எண்ணி வேலை பிரிக்கும் இடத்தின் பேரை நம் ஆய்வுகூடக் காலைக் கூட்டத்துக்கு வைத்தவன் நான். பதுளை டவுன்காரியான நீயும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தவள்தான். ஒவ்வொரு பூச்சுக்கும் சூடேற்றும் தட்டு, கடைசியில் உலை. வேறு மந்திரம் இல்லை.

கஜேந்திரன்


கொழும்பு
2024 மார்ச் 25

கஜேந்திரன்,

உன் கடிதம் உறையின் ஒட்டுப் பிரிந்து வந்தது. மழையாக இருக்கலாம். அப்படி நினைக்கத்தான் முயல்கிறேன்.

பேர் வரிசை பற்றி நீ அன்று வாயே திறக்கவில்லை. கட்டுரையை முதல் எழுத்திலிருந்து ஆங்கிலத்தில் எழுதியது நான். நீ படித்துவிட்டு, “நல்லாருக்கு, அனுப்பு” என்றாய். மனதில் இருந்ததை அப்போதே சொல்லியிருந்தால் நான் மாற்றியிருப்பேனோ என்னவோ. மாற்றியிருப்பேன் என்று இப்போது எழுதுவது சுலபம்.

புதிய இரசாயனம், புதிய கண்ணாடி எல்லாம் வாங்கி மறுபடியும் செய்தேன். நீ எழுதியதில் ஒரு சொல்லையும் தாண்டவில்லை. சாய்ந்துதான் கிடக்கின்றன.

இனி நான் கேட்கப்போவதை எழுதாமல் விட இரண்டு நாள் பார்த்தேன். நான் சந்தேகத் தோமாவின் பரம்பரை, தொட்டுப் பார்த்தால்தான் நம்பிக்கை வரும். கண்ணாடித் துண்டுகளைக் கண்டிக்கு எடுத்துப்போய் எக்ஸ்-கதிர் படம் எடுத்தது நீ மட்டும். அன்று எனக்குக் காய்ச்சல். நீ திரும்பி வந்து அந்த உச்சியைக் காட்டினாய், நான் துள்ளிக் குதித்தேன். நம் அலுமாரியில் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வெளிநாட்டிலிருந்து வாங்கி வைத்த படலம் ஒன்று இருந்தது, நினைவிருக்கிறதா? அது நன்றாக நிமிர்ந்து வளர்ந்த படலம்.

நீ கண்டிக்குக் கொண்டுபோனது நாம் பூசிய துண்டுதானா? அந்த வெளிநாட்டுத் துண்டு இப்போது எங்கே?

கேட்டுவிட்டேன். கோபப்படுவாய் என்று தெரியும்.

றொஷேல்


பதுளை
2024 ஏப்ரல் 2

றொஷேல்,

கோபப்படுவேன் என்று தெரிந்துதானே கேட்டாய்? சரி, படுகிறேன்.

அந்தத் துண்டு உடைந்துவிட்டது. அலுமாரி துடைக்கும்போது நிமலன் கை தவறிப் போட்டான். “உடைந்தது” என்று எழுதும்போதே நீ உதட்டைச் சுழிப்பது எனக்குத் தெரிகிறது. ஆய்வுகூட உதவியாளன் என்றாலும் அவன் உன்னிடம் பொய் சொல்லமாட்டான், கேட்டுப் பார். அவனையும் நான் வாங்கிவிட்டேன் என்று நினைத்தால் எனக்குப் பதில் இல்லை.

உன் கேள்விக்கு நான் பதில் எழுதும்வரைகூட உனக்குப் பொறுமை இல்லையே! இன்று காலை துறைத் தலைவர் பஸீல் சேர் என்னைக் கூப்பிட்டார். மேசையில் கொழும்பிலிருந்து வந்த கடிதம், உன் டொக்டரம்மாவின் கையொப்பம். “தம்பி, இது என்ன கத? ஒங்கள நம்பித்தானே நான் ஒப்பம் வெச்சேன்?” என்றார். அவர் சத்தம் போட்டிருந்தாலாவது பரவாயில்லை. மெதுவாகக் கேட்டார்.

தோட்டத்து லய வீட்டிலிருந்து படித்து வந்து இந்த நாற்காலியில் உட்கார்ந்தவன் நான். நான் விழுந்தால், “தோட்டத்துப் பொடியன், வேற என்ன செய்வான்” என்று சொல்ல ஆள் ரெடியாக இருக்கிறது. உனக்கு அது தெரியும். தெரிந்துகொண்டே செய்கிறாய்.

எல்லோர் முன்னாலும் செய்து காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டேன். சித்திரை விடுமுறை முடிந்ததும் ஒரு புதன்கிழமை கலக்கி, வியாழன் காலை பூச வேண்டும் என்று சேர் நாள் குறித்திருக்கிறார். நீ வர வேண்டாம். வந்தால், நீ கண்ணாடியில் மூச்சு விட்டுக் கெடுத்தாய் என்று நானும் சொல்ல வேண்டிவரும்.

கஜேந்திரன்


கொழும்பு
2024 ஏப்ரல் 29

கஜேந்திரன்,

நிமலன் போனில் சொன்னான். அங்கும் சாய்ந்தே கிடந்ததாம்.

நான் சந்தோஷப்படுகிறேன் என்று நினைப்பாய். இல்லை. கேட்டதிலிருந்து சோறு இறங்கவில்லை. ஷஹீலா டொக்டர் பஸீல் சேருக்கு எழுதியதும் எனக்குத் தெரியாது, அனுப்பியபின்தான் சொன்னார். இதையும் நீ நம்பப்போவதில்லை. எனக்கும் இப்போது உன்னை நம்புவதற்கு எதுவும் மிச்சமில்லை. உன் கையாலேயே வரவில்லை என்றால் நான் என்ன நினைக்க வேண்டும்? நீயே சொல்.

என்னிடம் ஓர் அறிக்கையைத் தந்திருக்கிறார்கள். “கட்டுரையிலுள்ள எக்ஸ்-கதிர் வரைபடம் நான் பூசிய படலத்தினுடையது என்று என்னால் உறுதிப்படுத்த முடியாது.” அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை, அதுதான் கொடுமை. கையொப்பமிட்டால் நான் தப்பிவிடுவேன். பழி முழுவதும் உன் தலையில் விழும். மே பத்தாம் திகதிக்குள் கொடுக்க வேண்டும்.

துண்டை மாற்றியிருந்தால் மாற்றினேன் என்று சொல். ஏன் செய்தாய் என்று கேட்கமாட்டேன். சேர்ந்து ஏதாவது வழி பார்க்கலாம். மாற்றவில்லை என்றால், எதை ஒளிக்கிறாய் என்று சொல். ஏதோ ஒன்றை ஒளிக்கிறாய், அது மட்டும் எனக்கு நிச்சயம். என் எண் மாறவில்லை. எந்த நேரமும் எடுக்கலாம்.

றொஷேல்


பதுளை
2024 மே 9

றொஷேல்,

உன் கடிதம் போன வாரமே கிடைத்துவிட்டது.

அந்த வியாழக்கிழமையைப் பற்றி நிமலன் பாதிதான் சொல்லியிருப்பான். பஸீல் சேரும் இன்னும் இரண்டு பேரும் பின்னால் நிற்க நான் பூசினேன். எனக்குச் சந்தேகமே இல்லை, றொஷேல், நூறு தடவை செய்த வேலை. கண்டியிலிருந்து வரைபடம் வந்தபோது மூன்று குட்டை உச்சிகள். நீ யாரையாவது பிடித்து என் இரசாயனத்தில் எதையாவது கலந்துவிட்டாய் என்று ஒரு நாள் முழுக்க நினைத்தேன். அவ்வளவு தூரம் போய்விட்டது புத்தி.

அந்தச் சனிக்கிழமை மடுல்சீமைக்குப் போனேன். ஞாயிறு காலை லயத்து வாசலில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். கங்காணி வந்து அம்மாவைக் கூப்பிட்டார். லீவு நாளில் ஆள் பிடித்துக் கொழுந்தெடுத்தால் அன்றே காசு, கைக்காசு என்பார்கள்.

“லெட்சுமி, ஆள் பத்தல, வாங்க. இன்னைக்கு மலையிலதான் பெரட்டு” என்றார்.

“ஞாயித்துக்கெழம ஏதுங்க பெரட்டு? நாளைக்கித்தாங்க பெரட்டு. எனக்குத் துணி தொவைக்கிற வேல கெடக்கு” என்று சொல்லிவிட்டு அம்மா உள்ளே போய்விட்டார்.

நான் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தேன். ஞாயிற்றுக்கிழமைக்குப் பெரட்டு கிடையாது.

வாரநாளில் காந்தக் கலக்கி மாணவர்களிடம் இருக்கும். அதனால் நான் கரைசலைக் கலக்கியது எப்போதும் சனிக்கிழமை. நீ பாடற்குழுப் பயிற்சிக்குச் சேர்ச்சுக்குப் போய்விடுவாய், பார்த்ததில்லை; திங்கள் வந்து பூசும்போது எப்போது கலக்கியது என்று கேட்டதுமில்லை. அடுத்த பெரட்டு எது? திங்கள். இடையில் ஒரு ஞாயிறு இருந்தது என்று எனக்குத் தோன்றவே இல்லை. எங்களுக்கு ஞாயிறு பேர் விழாத, கூலி எழுதாத நாள், கணக்கில் வராது. அதனால்தான் பஸீல் சேர் புதன், வியாழன் என்றபோதும் சரி என்று தலையாட்டினேன். நீயும் ஞாயிறு வேலை செய்யமாட்டாய், ஆனால் உனக்கு அது ஒரு நாள். நான் சொன்ன “அடுத்த பெரட்டு” உன் காதில் மறுநாள் காலை என்று விழுந்தது. “இருபத்துநான்கு மணித்தியாலம்” என்று ஆங்கிலத்தில் எழுதினாய். நான் அதைப் படித்துவிட்டு நல்லாருக்கு என்றேன். இரண்டு பேரும் சேர்ந்துதான் கெடுத்திருக்கிறோம்.

நாகத் துணுக்குகள் கரைசலுக்குள் ஒன்றோடொன்று சேர அந்த இரண்டாவது இரவு வேண்டும் என்று நினைக்கிறேன். சேருமுன் பூசினால் விழுந்த இடத்தில் விழுந்த பக்கம் வளர்கிறது. சேர்ந்தபின் பூசினால் கண்ணாடியில் ஒழுங்காகப் படிந்து நிமிர்கிறது. போன சனிக்கிழமை பஸீல் சேர் முன்னால் கலக்கி, திங்கள் பூசினேன். துண்டின் பின்புறம் சேர் கையொப்பமிட்டு, உறையில் போட்டு ஒட்டி, நிமலனிடம் கண்டிக்குக் கொடுத்துவிட்டார். நான் தொடவில்லை. முடிவு இன்னும் வரவில்லை. நீயும் இரண்டு இரவு வைத்துப் பார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காரணம் அந்த ஞாயிறே எனக்குத் தெரிந்துவிட்டது. போனில் ஒரு நிமிட வேலை. செய்யவில்லை. முதல் கடிதத்திலிருந்தே நீ என்னைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தபோது என்னிடம் ஒளிக்க ஒன்றும் இருக்கவில்லை. ஒன்று கிடைத்ததும், சரி, ஒளித்துத்தான் பார்ப்போமே என்று ஆசை வந்தது. பொய் சொல்ல மாட்டேன், நன்றாகத்தான் இருந்தது.

கஜேந்திரன்


கொழும்பு
2024 மே 20

கஜேந்திரன்,

உன் கடிதம் பதின்மூன்றாம் திகதி வந்தது. நான் பத்தாம் திகதி கையொப்பமிட்டுவிட்டேன்.

படித்த அன்றே கலக்கினேன். இரண்டு இரவு மூடி வைத்துப் பூசினேன். வரைபடத்தில் ஒரே உச்சி, தாளின் மேல் விளிம்புவரை போகிறது. ஒன்றுகூடச் சாயவில்லை. இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதேன். எங்கள் ஆய்வுகூடத்து மர்லியா, முடிவு பிழைத்துவிட்டது என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்தாள்.

நீ துண்டை மாற்றவில்லை. ஆறு வருடம் பழகியவனைத் திருடன் என்று எழுதிவிட்டேன். என்னை மன்னித்துவிடு. இதைவிட அழகாக எழுதத் தெரியவில்லை.

அறிக்கையை மீளப்பெறுகிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். ஷஹீலா டொக்டர் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். “அண்டைக்கு இல்லண்டீங்க, இண்டைக்கு இருக்குண்டுறீங்க. நாளைக்கு என்ன சொல்வீங்க?” என்றார். மண் அசைவுக் கருவி வேலையிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். அதில் எனக்கு முறைப்பாடு இல்லை. உன் துறைக்கும் எல்லாவற்றையும் எழுதி, பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். “அடுத்த பெரட்டு” என்பதை இருபத்துநான்கு மணித்தியாலம் ஆக்கியது நான்தான் என்றும் எழுதியிருக்கிறேன்.

இதோடு நிறுத்தியிருக்க வேண்டும். முடியவில்லை. ஒன்று மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது. பத்தாம் திகதி கெடு என்று உனக்குத் தெரியும். ஒன்பதாம் திகதி பதுளையில் போடும் கடிதம் மறுநாள் கொழும்புக்கு வராது என்பதும் தெரியும். நான் கையொப்பமிட்டு மாட்டிக்கொள்ள வேண்டும் என்றே தாமதித்தாயா? இதற்கு மட்டும் சுற்றி வளைக்காமல் பதில் எழுது.

றொஷேல்


பதுளை
2024 மே 27

றொஷேல்,

கண்டியிலிருந்து வரைபடம் வந்தது. நிமிர்ந்துதான் நிற்கின்றன. பஸீல் சேர் உன் கடிதத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, விசாரணை முடிந்தது என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். கட்டுரைக்கு ஒரு திருத்தம் போட்டால் போதுமாம். எழுதி அனுப்பு, படித்துப் பார்க்கிறேன். இந்தத் தடவை ஒழுங்காகப் படிப்பேன்.

உன் கேள்விக்கு வருகிறேன். ஒன்பதாம் திகதி தபால் கந்தோரில் நின்றேன். அங்கிருந்த அம்மா விலாசத்தைப் பார்த்துவிட்டு, “அவசரம்னா கூரியர்ல போடுங்க தம்பி, நாளைக்கே போயிரும்” என்றார். சாதாரண முத்திரை போதும் என்றேன். போன் சட்டைப் பையில்தான் இருந்தது. உன் எண்ணை எடுத்துப் பார்த்தேன், திரும்பப் பையில் போட்டுக்கொண்டேன்.

ஆமாம், வேண்டுமென்றேதான் தாமதித்தேன். ஆனால் நீ மாட்டிக்கொள்ள வேண்டும் என்று அல்ல. கையில் வரைபடமும் இல்லை, காரணமும் இல்லை, என் பேச்சு மட்டும்தான் இருக்கிறது என்ற நிலையில் நீ அந்தத் தாளைக் கையொப்பமிடாமல் திருப்பிக் கொடுக்கிறாயா என்று பார்க்க ஆசைப்பட்டேன். திருப்பிக் கொடுப்பாய் என்றுதான் நினைத்தேன். அதில் மட்டும் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

கஜேந்திரன்